மூன்று மொழிப் புத்தகங்களை ஒரே நூலகத்தில் எப்படி அடுக்குவது?

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்கு அருகே, தமிழ் வழியும் மலையாள வழியும் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். இந்த ஆண்டு நூலகப் பொறுப்பும் என்னிடம் வந்திருக்கிறது. தமிழ், மலையாளம், ஆங்கிலம் என ஏறக்குறைய 3,000 புத்தகங்கள் நான்கு பீரோக்களில் கலந்து கிடக்கின்றன. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டூயி முறைப்படி எண் கொடுத்து, பார்கோடு ஒட்டி, கணினியிலும் ஏற்றித் தர 40,000 ரூபாய் ஆகும் என்று ஒரு நிறுவனத்தார் சொல்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்க (பி.டி.ஏ.) நிதியிலிருந்து அதைக் கொடுக்கத் தலைமையாசிரியர் சம்மதிக்கிறார். கொடுக்கலாமா? புத்தகங்களை எப்படி அடுக்குவது?

பதில்: கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் கதவில்லாத இரும்பு அலமாரிகளை வாங்குங்கள். மீதம் இருந்தால் புத்தகங்கள் வாங்குங்கள்.

டூயி முறை 1876-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பல்லாயிரம் தலைப்புகள் உள்ள பெரிய நூலகங்களுக்கு அது பயன்படும். உங்களிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவை கதைப் புத்தகங்களாகத்தான் இருக்கும். அம்முறையில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811, மலையாள இலக்கியத்தின் எண் 894.812. புத்தக முதுகில் ஒட்டிய சிறு சீட்டில், கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடும் இந்த எண்களை வைத்துக்கொண்டு ஏழாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்?

இதைவிடப் பெரிய சிக்கல் மொழிபெயர்ப்புகளில் இருக்கிறது. உங்கள் ஊரைப் போன்ற எல்லைப் பகுதியில் அது அன்றாடச் சிக்கல் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். டூயி முறை ஓர் இலக்கியப் படைப்பை அது முதலில் எழுதப்பட்ட மொழியின் எண்ணிலேயே சேர்க்கும். மலையாள நாவல் ஒன்றின் தமிழ் மொழிபெயர்ப்பு மலையாள இலக்கியத்தின் எண்ணைப் பெற்று மலையாள அடுக்குக்குப் போய்விடும். தமிழ்க் கதையின் மலையாள மொழிபெயர்ப்பு தமிழ் அடுக்கில் வந்து நிற்கும். நிறுவனத்தார் இணையத்திலிருந்து எண்ணை எடுத்து அப்படியே ஒட்டிவிட்டுப் போவார்கள். அதன் பிறகு அந்தப் புத்தகம் யார் கைக்கும் கிடைக்காது. எனவே மூல மொழியைப் பார்க்காமல், அச்சாகியிருக்கும் மொழியை மட்டுமே பாருங்கள். ஒரே பக்கத்தில் தமிழும் மலையாளமும் உள்ள இருமொழிப் புத்தகம் இரண்டு படிகள் இருந்தால் ஒவ்வொரு மொழி அடுக்கிலும் ஒன்றை வையுங்கள். ஒரே படிதான் இருக்கிறது என்றால் இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே தனித்தட்டு ஒன்றை ஒதுக்குங்கள். ஆங்கிலமும் தமிழும் சேர்ந்தவை தமிழ் அடுக்கிலேயே இருக்கட்டும். அதைத் தேடி வரும் பிள்ளை பெரும்பாலும் தமிழின் துணையோடு ஆங்கிலம் படிக்க நினைக்கும் பிள்ளையாக இருக்கும். அகராதிகளை, தலைச்சொல் எந்த மொழியில் உள்ளதோ அந்த மொழி அடுக்கில் வைக்கலாம். அவற்றை வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம்.

அடுக்கும் முறை எளிது. மொழிக்கு ஒரு நிறமாக மூன்று நிறத் தாள்களை எடுத்து, முதுகின் அடியிலிருந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் மேலே ஒரே மட்டத்தில் ஒட்டுங்கள். கதைகளை ஆசிரியர் பெயரின் முதலெழுத்துப்படி வரிசைப்படுத்துங்கள். முன்னெழுத்தை விட்டுவிட்டுப் பெயரையே கணக்கில் கொள்ள வேண்டும். கதையல்லாதவற்றுக்கு டூயியின் பெரும்பிரிவு எண்கள் மட்டும் போதும்: அறிவியலுக்கு 500, வரலாற்றுக்கும் புவியியலுக்கும் 900 என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்டேப்ளர் பின் அடித்த மெல்லிய படப் புத்தகங்களுக்கு முதுகே கிடையாது. நிற்க வைத்தால் அவை கண்ணில் படாமல் மறைந்துவிடும். அவற்றை அட்டை வெளியே தெரியும்படி தட்டுகளில் சாய்த்து வையுங்கள்.

தமிழ்ப் புத்தகங்களைத் தமிழ் டிவிஷன் வகுப்பறைகளுக்கும் மலையாளப் புத்தகங்களை மலையாள டிவிஷன்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு மலையாள வழியில் படிக்கும் பிள்ளைகள் உங்கள் சித்தூர் வட்டத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தாய்மொழிப் புத்தகம் கிடைக்கும் ஒரே இடம் பள்ளி நூலகமாக இருக்கலாம். அத்தகைய பிள்ளை எட்டாம் வகுப்பில் இருந்தாலும் தமிழில் மூன்றாம் வகுப்பு அளவுக்கே எழுத்துக் கூட்டும். ஆகவே புத்தகத்தின் மேல் வகுப்பு எண்ணை எழுதாதீர்கள். ‘3’ என்று எழுதியிருக்கும் புத்தகத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளை நண்பர்கள் முன்னால் தொடவே தொடாது. எளியது, நடுத்தரம், கடினம் என்பதைக் காட்ட ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் போதும்.

கணினிப் பதிவு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அதை விலைக்கு வாங்க வேண்டாம் என்கிறேன். இந்த வியாபாரத்தில் நான் கண்ட தந்திரங்களைச் சொல்லியாக வேண்டும். தமிழ்ப் பெயர்களை யுனிகோடில் ஏற்றாமல் பழைய எழுத்துருவிலோ ஆங்கில எழுத்திலோ ஏற்றிவிடுவார்கள். பிறகு தமிழில் தேடினால் ஒன்றும் அகப்படாது. முதல் ஆண்டு மலிவாகத் தந்துவிட்டு, மறு ஆண்டிலிருந்து பராமரிப்புக் கட்டணம் கேட்பார்கள். கட்டாவிட்டால் உங்கள் பள்ளியின் பட்டியலே உங்களுக்குத் திறக்காது. பின்னட்டையில் ஏற்கெனவே அச்சிட்டிருக்கும் பார்கோடே போதும் என்று சொல்வோரும் உண்டு. அது நூலின் பொது எண். ஒரே நூலின் ஐந்து படிகளிலும் அதே எண்தான் இருக்கும், எந்தப் படி எந்தப் பிள்ளையிடம் போயிருக்கிறது என்பதை அது சொல்லாது. பள்ளி மடிக்கணினிகளில், கேரளப் பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கவனிக்கும் அரசு நிறுவனமான கைட் நிறுவித் தந்திருப்பது லினக்ஸ் இயங்குதளம். விண்டோஸுக்காக எழுதிய மென்பொருள் அதில் ஓடுமா என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அந்த மடிக்கணினியில் இருக்கும் லிப்ரே ஆபீஸ் விரிதாளே 3,000 புத்தகங்களுக்குத் தாராளம். பள்ளியின் மாணவர் கணினிக் குழுவான லிட்டில் கைட்ஸ் பிள்ளைகளைக் கொண்டு யுனிகோடில் ஏற்றச் செய்யுங்கள். பிற்காலத்தில் நூலகம் வளர்ந்தால் கோஹா என்ற இலவச மென்பொருளுக்கு அதே பட்டியலை மாற்றிக்கொள்ளலாம். ஸ்டாக் ரிஜிஸ்டர் மட்டும் மூன்று மொழிக்கும் சேர்த்து ஒன்றாகவே இருக்கட்டும். தனித்தனியாக வைத்தால் 125 என்ற எண்ணில் மூன்று புத்தகங்கள் இருக்கும். தொலைந்துபோன புத்தகத்தின் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது.

புத்தகம் தொலைந்தால் தம் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற அச்சத்தில்தான் பொறுப்பாசிரியர்கள் பீரோவைப் பூட்டுகிறார்கள். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளே, ஆண்டில் வாசிக்கக் கொடுத்த 1,000 புத்தகங்களுக்கு 5 வரை தொலைவதை, அதில் நேர்மைக்கேடோ அலட்சியமோ இல்லாத வரையில், இயல்பான இழப்பாக ஏற்கின்றன. அவ்விதி உங்கள் பள்ளியைக் கட்டுப்படுத்தாது என்றாலும் தலைமையாசிரியரிடம் எடுத்துக் காட்டலாம். இழப்பை ஆண்டுதோறும் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யுங்கள். பொறுப்பேற்கும்போது எண்ணிப் பார்க்காமல் கையெழுத்திட்டிருந்தால், இப்போதாவது எண்ணி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற நூலகர் வேண்டும் என்பதை 1952-53-இல் லட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான குழுவே வலியுறுத்தியது. அதற்குப் பிறகு எத்தனை குழுக்கள், எத்தனை சுற்றறிக்கைகள்! இன்றும் இருபதுக்கும் மேற்பட்ட பீரியடுகள் எடுக்கும் மொழியாசிரியர் தலையிலேயே அந்த வேலையைச் சுமத்துகிறார்கள். கேரள நூலக இயக்கத்தின் முன்னோடி பி.என். பணிக்கரின் நினைவு நாளான ஜூன் 19-இல் உறுதிமொழியும் புகைப்படமும் கேட்கும் அலுவலகம், ஜூலையில் எத்தனை புத்தகங்கள் பிள்ளைகள் கைக்குப் போயின என்று கேட்பதில்லை. வாரத்தில் இரண்டு பீரியடுகளை நூலகத்துக்கென்று உங்கள் கால அட்டவணையிலேயே எழுதித் தரும்படி தலைமையாசிரியரிடம் கேளுங்கள். சீட்டு ஒட்டுவதையும் பதிவு எழுதுவதையும் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, அந்த நேரத்தில் எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் பொருந்தும் என்று பார்த்துக் கையில் கொடுங்கள். ஆசிரியர் நூலகராக இருப்பதன் பயன் அதில்தான் இருக்கிறது. அதை எந்த நிறுவனத்தாராலும் செய்ய முடியாது.

அலமாரி வாங்கியது தெரிந்ததும் புத்தக ஏஜெண்டுகள் வருவார்கள். அட்டையில் விலையை ஏற்றி அச்சிட்டுப் பாதிக்கு மேல் தள்ளுபடி தருவதாகச் சொல்லி, தேர்வு வழிகாட்டிகளையும் விற்காத பழைய புத்தகங்களையும் ‘நூலக செட்’ என்று கட்டிக் கொடுப்பார்கள். தமிழ்ப் புத்தகங்களுக்குக் கோவை கொடிசியா வளாகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்கு நான்கு பிள்ளைகளை அழைத்துச் சென்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எங்கு வாங்கினாலும் புத்தகப் பெயரும் விலையும் ஒவ்வொன்றாக எழுதாத பில்லை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.