களிக்கு மாறியும் எடை குறையவில்லையே?

கேள்வி: எனக்கு 51 வயது. குடியாத்தத்தில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்குள் எடை 60 கிலோவிலிருந்து 67 ஆகிவிட்டது. உயரம் 152 செ.மீ. மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 6.1 என்று வந்திருக்கிறது. அரிசியை விட்டுக் கேழ்வரகு களிக்கு மாறியும் பலனில்லை. மாத்திரை போட்டுத்தான் ஆக வேண்டுமா?

பதில்: 6.1 சர்க்கரை நோய் அல்ல, முன்நிலை. 5.7 முதல் 6.4 வரை அப்படித்தான் சொல்வோம். 6.5 ஆகிவிட்டால்தான் நோய். அதனால் பயம் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால், அதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்கும். அது இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. வயதால் தசையும் கரைகிறது. இரவில் திடீரென வியர்த்துத் தூக்கம் கெட்டால் மறுநாள் பசியும் கூடும். உங்களிடம்தான் இன்ச் டேப் இருக்கிறதே, வயிற்றை எக்காமல், மூச்சை விட்டபிறகு வயிற்றுச் சுற்றளவை அளந்து பாருங்கள். நம் பெண்களுக்கு 80 செ.மீ., அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

இனி களி. வட ஆர்க்காட்டில் களியைச் சர்க்கரைக்கு மருந்தாகவே நம்புகிறோம். கேழ்வரகில் கால்சியமும் நார்ச்சத்தும் உண்டு, ஆனால் பெரும்பங்கு மாவுச்சத்துதான். போதாததற்கு அரிசி நொய் போட்டுக் கிண்டுகிறோம். மெல்லாமல் விழுங்குவதால், வயிறு நிறைந்தது தெரிவதற்குள் இரண்டாவது உருண்டையும் உள்ளே போய்விடும்! களியை விட வேண்டாம். ஒரு சின்ன உருண்டை போதும். கூடவே தட்டில் பாதிக்குக் கீரைக் கடைசலோ காய்கறியோ, அப்புறம் ஒரு முட்டை அல்லது கொள்ளுச் சுண்டல். மெஷினில் உட்கார்ந்தபடி குடிக்கும் டீயில் சர்க்கரையை நிறுத்திவிடுங்கள்.

வேலூர் வெயிலில் பகலில் நடக்கச் சொல்ல எனக்கே மனசு வராது. விடியற்காலையில் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் நடங்கள். சாப்பிட்டதும் பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே உலாவலாம். நடை மட்டும் தசைக்குப் போதாது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். தைக்கும்போது அரை மணிக்கு ஒருதரம் செய்தால் இன்னும் நல்லது. 3.5 முதல் 4.5 கிலோ குறைந்தாலே சர்க்கரையில் வித்தியாசம் தெரியும்.

மாத்திரை? 2006-ல் வெளியான இந்திய ஆய்வில், முன்நிலையில் இருந்தவர்களுக்கு உணவும் நடையும் மட்டுமே நோய் வரும் வாய்ப்பைக் கால் பங்குக்கு மேல் குறைத்தன; மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையும் ஏறக்குறைய அவ்வளவே. இரண்டையும் சேர்த்தும் கூடுதல் லாபமில்லை. எனவே முதலில் மூன்று மாதம் இப்படி இருந்துவிட்டு, மறுபடி ஹெச்பிஏ1சி பாருங்கள். தைராய்டு, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். எண் ஏறினால் உங்கள் மருத்துவர் மாத்திரை தருவார், அதில் தப்பொன்றும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று: மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்தபின் சிறு ரத்தக் கறை பட்டாலும் உடனே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். உடல் எடை கூடியவர்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் வாய்ப்பு சற்று அதிகம். ‘சூடு’ என்று சொல்லி விட்டுவிடாதீர்கள்.