அடைமுட்டைக்குள்ள ஒரு சிவப்புப் புள்ளி

வணக்கம் அண்ணா,

என் பொண்ணு பிளஸ் டூ படிக்கிறா, நீட் கோச்சிங்கும் போறா. போன வாரம் திடீர்னு கேட்டா: "ரத்தம் எலும்பு மஜ்ஜையில உருவாகுதுன்னு படிக்கிறோம், கருவுல எலும்பே இல்லாதப்ப முதல் ரத்தம் எங்கேர்ந்துப்பா வரும்?" கோச்சிங்ல கேட்டதுக்கு சிலபஸ்ல இல்லன்னுட்டாங்களாம். நானும் "எல்லாம் ஜீன்ல எழுதியிருக்கும், அது பாத்துக்கும், நீ மார்க்குக்குப் படி"ன்னு சொல்லிட்டேன். எந்த ஜீன்னு திருப்பிக் கேக்குறா. அப்புறம் எங்கம்மா, நான், பொண்ணு மூணு பேருக்கும் ரத்தசோகை, இதுவும் ஜீன்தானா?

ஒரு வாசகர், தேனி

தம்பி,

கடைசிக் கேள்விய முதல்ல முடிச்சிடறேன். ரத்தசோகைக்கு இரும்புச்சத்துக் குறைவுல ஆரம்பிச்சு எத்தனையோ காரணம் இருக்கு, மூணு பேரும் போய் டெஸ்ட் எடுங்க, எனக்கு லெட்டர் போட்டுட்டு உக்காந்திருக்காதீங்க.

மத்தது பத்தி ஒரு மாசமாவே யோசிச்சிட்டிருந்தேன், உங்க கடிதம் சரியா வந்து சேந்துச்சு. எங்க அப்பத்தா கோழிய அடை வெச்சா அஞ்சாறு நாள் கழிச்சு ராத்திரி முட்டைய ஒன்னொன்னா எடுத்து அரிக்கேன் விளக்குக்கு நேரா பிடிச்சுப் பாக்கும். உள்ள சிவப்பா நூல் நூலா ஓடுனா "உசுரு புடிச்சிருச்சு"ன்னு திரும்ப வைக்கும், ஒண்ணுமில்லன்னா எடுத்துரும். எனக்கு எட்டு வயசு இருக்கும், அப்பத்தா வயலுக்குப் போனப்ப நாலாம் நாள் முட்டை ஒன்ன திருடி கொட்டாங்குச்சியில உடைச்சு ஊத்திட்டேன். மஞ்சக்கருவு மேல சிவப்பா ஒரு வலை, நடுவுல கடுகளவு புள்ளி துடிச்சிட்டு இருந்துச்சு, பாத்துட்டே இருக்கேன், கொஞ்ச நேரத்துல நின்னுருச்சு. அப்பத்தா அடிக்கல. "உள்ள என்னடா இருந்துச்சு"ன்னு கேட்டுச்சு, நான் அழுதுட்டே சொன்னேன், சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுச்சு. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷி அது. நீங்க படிச்சவரு, பொண்ணு இப்படி ஒரு கேள்வியோட வந்து நிக்கிறா, மார்க்குக்குப் படின்னு அனுப்பியிருக்கீங்க!

நான் பாத்த அந்த வலைதான் அவ கேட்ட முதல் ரத்தம். கோழியோ எலியோ மனுஷனோ, முதல் ரத்தம் கருவோட உடம்புக்கு வெளிய, மஞ்சக்கருப்பையில (கருவோட ஒட்டியிருக்கிற ஒரு பை, yolk sac) சின்னச் சின்னத் தீவா உருவாகுது, நமக்கு அது மூணாவது வாரத்துல. ஆனா அது தற்காலிக ஏற்பாடு. ஆயுசுக்கும் ரத்தம் தரப்போற ஸ்டெம் செல், அதாவது எல்லா ரத்த செல்லுக்கும் தாய் செல், நாலாவது வாரத்துல பெரிய தமனியோட அடிச்சுவர்ல இருந்து கிளம்புது. சுவர்ல பதிஞ்சிருக்கிற செல்லு மெல்ல உருண்டு, ஒட்டு விட்டு, ரத்த செல்லா மாறி ஓட்டத்தோட போகுது, அங்கேர்ந்து கல்லீரலுக்குப் போய் பெருகி அப்புறமாத்தான் மஜ்ஜைக்குக் குடி போகுது. ஆத்தோட கரையே கரைஞ்சு தண்ணியானா எப்படி இருக்கும், அப்படி.

ஃப்ளோரன்ஸ் சேபின்னு ஒரு அம்மா, அமெரிக்காவுல பால்டிமோர்ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில இருந்தாங்க, 1917ல அங்க முழுப் பேராசிரியரான முதல் பெண். கோழிக்கருவ உயிரோட கண்ணாடித்தட்டுல வெச்சு, ராத்திரி முழுக்க முழிச்சிருந்து, குழாய்ச் சுவர்ல இருந்து ரத்த செல் வர்றதையும் இதயம் துடிக்க ஆரம்பிக்கிறதையும் கண்ணால பாத்தாங்க, 1920ல எழுதுனாங்க. இது உண்மைதானான்னு ரொம்ப வருஷம் சண்டை நடந்துச்சு, 2010ல கண்ணாடி மாதிரி இருக்கிற ஜீப்ரா மீன் கருவுல ஒரு செல் சுவர விட்டுக் கிளம்புறத வீடியோவே எடுத்துட்டாங்க.

இப்ப உங்க ஜீன். அதுக்குப் பேர் ரன்எக்ஸ்1 (RUNX1). 1996ல எலிக்கருவுல அதை நீக்கிப் பாத்தப்ப மஞ்சக்கருப்பையில முதல் ரத்தம் வந்துச்சு, ரெண்டாவது வரவேண்டியது வரவே இல்ல, 12, 13 நாள்ல கரு செத்துப்போச்சு. சுவர் செல் ரத்த செல்லா மாற அது கட்டாயம் வேணும், மாறி முடிச்சதுக்கப்புறம் அந்த அளவுக்கு வேணாம். இதுபோக GATA1, PU.1னு ரெண்டு ஜீன் இருக்கு, ஒன்ன ஒன்னு அமுக்கப் பாக்கும், முன்னது மிஞ்சுனா சிவப்பணு, பின்னது மிஞ்சுனா வெள்ளையணுவுல சில வகை. அது போதும்.

நான் விடாம சொல்ல வந்தது வேற. அந்த ரன்எக்ஸ்1ஐ யாரு எழுப்புறா? ஒரு வகை ஜீப்ரா மீன் கருவுல இதயம் துடிக்கவே துடிக்காது, ஆனாலும் தண்ணியில இருந்தே ஆக்சிஜன் கிடைக்கிறதால சில நாள் உயிரோட இருக்கும். 2009ல அதுல பாத்தாங்க, தமனி இருக்கு, ஜீன் இருக்கு, ஒரு எழுத்து குறையல, ஆனா ரன்எக்ஸ்1 சரியா முழிக்கல, ஸ்டெம் செல்லும் ரொம்பக் குறைஞ்சு போச்சு. ஓடுற ரத்தம் சுவர்ல உரசணும், அந்த உரசல்ல நைட்ரிக் ஆக்சைடுங்கிற வாயு வரணும், அப்பதான் அது வேலைக்கு எந்திரிக்கும். துடிப்பே இல்லாத கருவுக்கு நைட்ரிக் ஆக்சைடு தர்ற மருந்தை விட்டாங்க, ஜீன் முழிச்சுது. அப்ப எது எதை கன்ட்ரோல் பண்ணுது சொல்லுங்க? முதல்ல வந்த தற்காலிக ரத்தம் ஓடி உரசினாத்தான் நிரந்தர ரத்தம் சரியாப் பிறக்குது, தம்பி. எழுதி வெச்சிருக்குங்கிறது பாதிதான், வெறும் எழுத்து தானா எதையும் பாத்துக்காது. எழுதியிருக்கு, அது பாத்துக்கும்னு அந்தப் பொண்ணுகிட்ட இன்னொரு வாட்டி சொல்லாதீங்க, ப்ளீஸ்.

அவளுக்கு என் அன்பைச் சொல்லுங்க, அருமையான கேள்வி கேட்டிருக்கா. தேனிப் பக்கம் யார் வீட்லயாவது நாட்டுக்கோழி அடை உக்காந்திருக்கும், அஞ்சாம் நாள் ராத்திரி கூட்டிட்டுப் போங்க. உடைக்க வேணாம், நான் உடைச்சது போதும். இருட்டுல செல்போன் டார்ச் மேல முட்டைய வெச்சாலே அந்த நூல் தெரியும். வீட்டு பிரிட்ஜ்ல இருக்கிற பண்ணை முட்டைய எடுத்துக் காட்டிடாதீங்க, அது சேவல் சேராத முட்டை, உள்ள ஒன்னும் ஓடாது.