நகையை அடகு வைத்தா முகவர் ஆவது?

கேள்வி: நாமக்கல் அருகே வசிக்கிறேன். வயது 38, பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். கணவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறார். மாதம் 26,000 ரூபாய் வருகிறது. என் கொழுந்தனார் பத்து ஆண்டுகளாக ஆயுள் காப்பீட்டு முகவர். அவருடைய வளர்ச்சி அதிகாரி என்னையும் முகவராகச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறாராம். முதல் மாதமே பத்து பாலிசி காட்ட வேண்டுமாம். உறவினர்கள் கையில் இப்போது பணம் இல்லாததால், என் நகையை அடகு வைத்து 2 லட்சம் ரூபாய் வாங்கி, ஆளுக்கு 20,000 ரூபாய் என்று அவர்களுடைய முதல் ஆண்டு பிரீமியத்தை நானே கட்டிவிட்டால், கமிஷனிலேயே நகையை மீட்டுவிடலாம் என்று கொழுந்தனார் சொல்கிறார். படிவங்களையும் அவரே நிரப்பித் தருவாராம். உரிமம் விரைவில் கிடைக்க நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் கேட்டிருப்பது உரிமத்தைப் பற்றி, எனக்குக் கவலை தருவது நகையைப் பற்றிய வரி. உரிமம் எளிய விஷயம் என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். 2015-ல் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, தனிநபர் முகவர்களுக்கு ஒழுங்குமுறை ஆணையம் நேரடியாக உரிமம் கொடுப்பதில்லை. காப்பீட்டு நிறுவனமே நியமனக் கடிதம் தருகிறது. பேச்சில்தான் இன்னும் ‘லைசென்ஸ்’ என்கிறோம். வயது 18 நிறைந்து, பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். நிறுவனம் அளிக்கும் 25 மணி நேரப் பயிற்சியை முடித்து, ஐசி-38 பாடநூலைப் படித்துக் கணினித் தேர்வு எழுத வேண்டும். 50 கேள்விகள், ஒரு மணி நேரம், 35 விழுக்காடு மதிப்பெண்ணில் தேர்ச்சி, தமிழிலேயே எழுதலாம். உங்கள் படிப்புக்கு இது தடையே இல்லை. ஆகவே இதில் உங்களுக்கு அவசரப்பட ஒன்றுமில்லை. அவசரம் அதிகாரிக்குத்தான், தமக்குக் கீழுள்ள முகவர்கள் கொண்டுவரும் புதிய பிரீமியத்தை வைத்தே அவருடைய இலக்கும் ஊக்கத்தொகையும் அமைகின்றன.

இனி அந்த 2 லட்சத்துக்கு வருவோம். முதல் ஆண்டு கமிஷன் நிறுவனத்துக்கு நிறுவனம், திட்டத்துக்குத் திட்டம் மாறும்; தாராளமாகவே 30 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும் உங்களுக்கு வருவது 60,000 ரூபாய். நகைக்கடன் வட்டியை ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று குறைத்தே போட்டால் 20,000 ரூபாய் ஆகிறது. ஓர் ஆண்டு கழித்து நகையை மீட்க 2,20,000 வேண்டும். கமிஷன் போக மீதி 1,60,000 உறவினர்களிடமிருந்துதான் வந்தாக வேண்டும். அதாவது பத்துப் பேரில் எட்டுப் பேர் முழுத் தொகையையும் திருப்பித் தந்தால் உங்களுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஐந்து பேர் மட்டும் தந்தால் 60,000 ரூபாய் கைவிட்டுப் போகும். அது உங்கள் கணவரின் இரண்டு மாதச் சம்பளத்தை விட அதிகம். இதில் வருமான வரிப் பிடித்தத்தையும், உங்கள் பேருந்துச் செலவையும் நான் சேர்க்கவில்லை. ‘கமிஷனிலேயே மீட்டுவிடலாம்’ என்ற கணக்கைக் கொழுந்தனார் எந்தத் தாளில் போட்டார் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. பாலிசி பத்திரம் கையில் கிடைத்த 30 நாட்களுக்குள் அதை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை பாலிசிதாரருக்கு இருக்கிறது. அப்படிக் கொடுத்தால், சிறு பிடித்தங்கள் போக, நீங்கள் கட்டிய பணம் அவருடைய வங்கிக் கணக்குக்குப் போய்ச் சேரும்; உங்கள் கமிஷனை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ளும். வீட்டில் அப்படிப்பட்டவர் யாரும் இல்லை என்பீர்கள். இருக்கட்டும், தாம் விரும்பி எடுக்காத பாலிசிக்கு இரண்டாம் ஆண்டு பிரீமியத்தைத் தம் பணத்தில் கட்டுவார்களா? முகவர் தொழிலில் நிலைத்த வருமானம் என்பது புதுப்பிப்புக் கமிஷன்தான். 5 விழுக்காடு என்றாலும் இந்தப் பத்து பாலிசிகள் ஆண்டுக்கு 10,000 ரூபாயை உங்கள் முயற்சியின்றியே தந்துகொண்டிருக்க வேண்டும். பாலிசிகள் காலாவதியானால் அதுவும் நின்றுவிடும்.

இது பணக் கணக்கு மட்டும் அன்று. 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, பாலிசி எடுக்கத் தூண்டுவதற்காகக் கமிஷனிலிருந்தோ பிரீமியத்திலிருந்தோ தள்ளுபடி கொடுப்பதைத் தடை செய்கிறது. வாங்கிக்கொள்பவருக்கும் அந்தத் தடை உண்டு. அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். திரும்ப வராத முதல் பிரீமியம் முழுத் தள்ளுபடி அல்லாமல் வேறென்ன? ‘ஊரில் எல்லாரும் செய்கிறார்கள்’ என்ற பதிலை நான் பல முறை கேட்டிருக்கிறேன். உண்மைதான். ஆனால் ஒருமுறை கட்டிவிட்டால், அடுத்து வரும் ஒவ்வொரு சொந்தக்காரரும் ‘அவருக்குக் கட்டினாயே, எனக்கு மட்டும் இல்லையா?’ என்பார்; அந்தப் பழக்கத்தை நிறுத்த உங்களால் முடியாது.

உங்களுக்கு இந்தத் தொழிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாமக்கல்லில் இருந்துகொண்டு, கணவர் லாரிப் பட்டறையில் இருக்கும்போது, ஆயுள் காப்பீட்டை மட்டும் பார்ப்பது ஏன் என்றுதான் கேட்கிறேன். ஒரு முகவர் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கும், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும், ஒரு தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் பணியாற்ற விதி இடம் தருகிறது. அதற்குரிய பயிற்சியையும் தேர்வையும் முடிக்க வேண்டும், அவ்வளவே. வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கு ஈடு தரும் மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். அது தீரும் தேதி பட்டறைக்கு வரும் ஒவ்வொரு வண்டியின் காப்பீட்டுச் சான்றிதழிலும் இருக்கிறது. கமிஷன் சிறியது, ஆனால் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. உங்கள் பிரீமியத்தை நீங்கள் கட்டுங்கள் என்று சொல்லவும் கூச்சம் வராது. ‘வீட்டிலிருந்தே செல்பேசியில் காப்பீடு விற்று லட்சம் சம்பாதியுங்கள்’ என்று வரும் செயலி விளம்பரங்களை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். வாடிக்கையாளரை அவை தேடித் தருவதில்லை.

பத்து பாலிசியில் ஒன்றை உங்கள் பெயரிலேயே போடச் சொல்வார்கள். அது பெரும்பாலும் பணம் திரும்ப வரும் திட்டமாகவோ, பங்குச் சந்தையோடு இணைந்த யூலிப்பாகவோ இருக்கும். ஒருவர் சம்பளத்தில் ஓடும் உங்கள் வீட்டுக்கு முதலில் வேண்டியது கணவர் பெயரில் ஒரு டேர்ம் பாலிசி, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் அவர் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி. ஆண்டு வருமானத்தின் 10 மடங்கு, அதாவது ஏறக்குறைய 30 லட்சம் ரூபாய்க்காவது இருக்கட்டும். கமிஷன் குறைவாக வரும் என்று யாராவது தடுத்தால், அந்த ஆலோசனை யாருக்காகச் சொல்லப்பட்டது என்பது உங்களுக்கே புரியும்.

கடைசியாக, அந்தப் படிவங்கள். மனைவி, அண்ணி பெயரில் முகவர் எண் (‘கோடு’) வாங்கி வேறொருவர் தொழில் நடத்துவது நம் ஊர்களில் புதிதன்று. புகார் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்திட்டவர்தான். கொழுந்தனார் நிரப்பிக் கொண்டுவரும் விண்ணப்பத்தில் செல்பேசி எண், மின்னஞ்சல், கமிஷன் வரவு வைக்கப்படும் வங்கிக் கணக்கு ஆகிய மூன்றையும் பாருங்கள். மூன்றும் உங்களுடையவையாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.