நைட் கிளப் கிளாக் ரூமில் ஆளுக்குப் பதிலாக ஸ்மார்ட் லாக்கர் வைத்தால் என்ன ஆகும்?

கேள்வி: இங்கிலாந்து நைட் கிளப்களில் கோட்டு வாங்கி வைக்கும் ஆட்களை எடுத்துவிட்டு, தானே பூட்டித் திறந்துகொள்ளும் ஸ்மார்ட் லாக்கர் வைக்கிறார்களாமே. இதில் யாருக்கு லாபம்? அந்த வேலை பார்த்தவர்கள் என்ன ஆனார்கள்?

அந்த வேலை பார்த்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் பதில் எழுதுகிறேன். வட இங்கிலாந்தில் முதுகலை படிக்கப் போனபோது, மாணவர் விசாவில் கல்விப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வெள்ளி, சனி இரவுகளில் ஒரு கிளப்பின் கிளாக் ரூம் மேசைக்குப் பின்னால் நின்றேன். முதல் குளிர்காலம் ஆட்களும் சீட்டும். அடுத்த குளிர்காலம் அதே இடத்தில் லாக்கர்.

குளிர் தெரியாதவர்களுக்கு இந்த அறை எதற்கென்றே புரியாது. கோயில் வாசலில் செருப்பை விட்டு டோக்கன் வாங்குகிறோமே, அதேதான். செருப்பின் இடத்தில் கோட்டு. ஜனவரியில் வெளியே பூஜ்ஜியம், உள்ளே வேர்த்துக் கொட்டும். மழையில் நனைந்த கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு ஆடவும் முடியாது, நாற்காலியில் போட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இருக்காது. நியூகாசல் பக்கம் இளைஞர்கள் உறைபனியிலும் கோட்டே இல்லாமல் வருவார்கள். அதை அவர்கள் வீரமாகச் சொல்லிக்கொண்டாலும், பாதிக் காரணம் கிளாக் ரூம் கட்டணமும் வரிசையும்தான் என்பது என் எண்ணம்.

எங்கள் முறை மிகப் பழையது. குலுக்கல் சீட்டுப் புத்தகம் இருக்கிறதல்லவா, ஒரே எண் இரண்டு முறை அச்சிட்டது, அதற்கு அங்கே பெயரே கிளாக் ரூம் சீட்டு. ஒரு பாதி ஹேங்கரில், மறுபாதி வாடிக்கையாளர் கையில். நேற்று இளஞ்சிவப்பு என்றால் இன்று நீலம். இல்லாவிட்டால் போன வாரச் சீட்டைக் காட்டி இந்த வாரக் கோட்டைக் கேட்பவர்கள் உண்டு. ஒரு கோட்டுக்கு 2 பவுண்ட். இருவர் கோட்டையும் ஒரே ஹேங்கரில் மாட்டச் சொல்லிக் கெஞ்சுபவர்களைச் சமாளிப்பதில்தான் பாதி இரவு போகும்.

வாங்குவது பெரிய வேலையே இல்லை. 11 மணியிலிருந்து 1 மணி வரை கொஞ்சம் கொஞ்சமாக வருவார்கள். சோதனை அதிகாலை 3 மணிக்கு. விளக்கைப் போட்டதும் நானூறு பேர் ஒரே நேரத்தில் மேசை முன் நிற்பார்கள், அத்தனை பேரும் குடித்திருப்பார்கள், அத்தனை கோட்டும் கறுப்பு. மூன்று பேர் ஓடி ஓடி எடுத்தாலும் கடைசி ஆள் வெளியேற முக்கால் மணி ஆகும். அந்த முக்கால் மணிக்கு காவலாளிகளுக்கும் எங்களுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். கிளப் உரிமையாளரை லாக்கர் பக்கம் தள்ளியது இந்தக் கணக்குதான். கோட்டுத் திருட்டு அதற்குப் பிறகுதான் வரும்.

லாக்கர் வந்ததும் அந்த வரிசை உண்மையாகவே கரைந்துவிட்டது. திரையைத் தொட்டு, கார்டில் பணம் கட்டி, கைபேசி எண்ணைக் கொடுத்தால் குறியீடு வரும். நடு இரவில் வந்து மறுபடி திறந்துகொள்ளலாம். கிளாக் ரூமில் அதைக் கேட்டால் நாங்கள் முறைப்போம். நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு பெட்டி எடுத்தால் செலவும் குறைவு.

ஆனால் இட விஷயத்தில் ஏமாந்தார்கள். பெரிய படுக்கையறை அளவுள்ள எங்கள் அறையில் மேலும் கீழுமாக இரண்டு அடுக்குக் கம்பிகளில் 500 கோட்டு தொங்கும். லாக்கர் வைத்தபோது அதில் 160 கதவுகளே வந்தன. ஒரு பெட்டிக்கு மூன்று கோட்டு என்றால் 480, சரிதான் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஜோடியாக வருபவர்கள் இரண்டோடு பூட்டிவிட்டுப் போகிறார்களே! நள்ளிரவுக்கு முன்பே நிரம்பிவிடும். அப்புறம் மீதிப் பெட்டிகளை நடைபாதையில் வைக்கலாமா என்று பேச்சு வந்தது. நல்லவேளை, தீத்தடுப்பு ஆலோசகர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். 1942 நவம்பரில் பாஸ்டனில் கோகோநட் குரோவ் கிளப் எரிந்தபோது 492 பேர் இறந்தார்கள். சுழல் கதவில் கூட்டம் சிக்கிக்கொண்டது, வேறு கதவுகள் பூட்டியிருந்தன அல்லது உள்பக்கமாகத் திறப்பவையாக இருந்தன. வெளியேறும் வழியில் இரண்டடி ஆழத்துக்கு இரும்புப் பெட்டிகளை அடுக்கி, ஆட்களையும் அதன் முன் நிறுத்தினால் அந்த வழி எவ்வளவு குறுகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு சின்னச் சங்கடம். பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு. 3 மணிக்கு ஆறு கதவுகளின் சொந்தக்காரர்களும் ஒன்றாக வந்தால், கீழ்ப்பெட்டிக்காரர் குந்தி உட்கார்ந்திருப்பார், மேல்பெட்டிக்காரரின் பை அவர் தலையில் விழும்.

இதையெல்லாம் விட என்னை யோசிக்க வைத்தது பொறுப்பு யாருடையது என்ற கேள்வி. கோட்டை ஒருவர் கையில் கொடுக்கும்போது சட்டப்படி அது ஒப்படைப்பு. வாங்கியவர் தம் பொருளைப் போலக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 151ஆம் பிரிவு சொல்வதும் இதைத்தான். இதில் படிக்கச் சுவையான ஒரு பழைய வழக்கு, கிளாக் ரூம் சீட்டைப் பற்றியதே. பார்க்கர் என்பவர் லண்டன் சாரிங் கிராஸ் ரயில் நிலையத்தில் 2 பென்னி கொடுத்துப் பையை வைத்தார். பை தொலைந்தது. 24 பவுண்ட் 10 ஷில்லிங் கேட்டார். சீட்டின் முன்பக்கம் 'பின்பக்கம் பார்க்கவும்' என்றும், பின்பக்கம் 10 பவுண்டுக்கு மேல் பொறுப்பில்லை என்றும் அச்சிட்டிருக்கிறோமே என்றது ரயில் கம்பெனி. நான் படிக்கவேயில்லை என்றார் பார்க்கர். 1877இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், படித்தாரா என்பது முக்கியமில்லை, நிபந்தனை இருப்பதை அவர் அறியும்படி கம்பெனி போதுமான அளவு செய்ததா என்பதே கேள்வி என்று சொல்லி மறு விசாரணைக்கு அனுப்பியது. சட்ட மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள்.

லாக்கரில் கதையே மாறுகிறது. நீங்கள் யாரிடமும் எதையும் கொடுக்கவில்லை. காலிப் பெட்டி ஒன்றைச் சில மணி நேர வாடகைக்கு எடுத்தீர்கள், உள்ளே என்ன வைத்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியாது என்று கிளப் சொல்லிவிடலாம். கேட்ட குரலாக இருக்கிறதா? நம் நாட்டு வங்கிகள் லாக்கர் விஷயத்தில் நீண்ட காலம் சொன்ன பதில்தான். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வங்கிகள் அப்படிக் கை கழுவ முடியாது என்று சொன்ன பிறகே ரிசர்வ் வங்கி புதிய விதிகளைக் கொண்டுவந்தது. 2022 ஜனவரி 1 முதல், தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு. கிளப் லாக்கரின் திரையில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துகிறீர்களே, 1877இன் சீட்டுப் பின்பக்கம் இப்போது அங்கேதான் இருக்கிறது.

பாதுகாப்பிலும் ஒரு முடிச்சு உண்டு. பிரிட்டனின் பெரிய ரயில் நிலையங்களில் பையை வைக்க வேண்டுமென்றால் ஆள் இருக்கும் கவுன்டரில், ஸ்கேன் செய்துதான் வாங்குவார்கள். அங்கே குண்டுவெடிப்புகள் நடந்த காலத்திலிருந்து தொடரும் பழக்கம் அது. 2017இல் மான்செஸ்டர் அரினாவில் 22 பேர் கொல்லப்பட்ட தாக்குதலுக்குப் பிறகு, அதில் இறந்த மார்ட்டின் ஹெட்டின் தாயார் விடாமல் போராடி 2025 ஏப்ரலில் ஒரு சட்டம் வந்தது. 200 பேரும் அதற்கு மேலும் கூடும் இடங்கள் தாக்குதலுக்கான ஆயத்தங்களைச் செய்திருக்க வேண்டும்; நடைமுறைக்கு வரக் குறைந்தது 2 ஆண்டு அவகாசம். யார் எதை எந்தப் பெட்டியில் வைத்தார் என்று பார்க்க ஆளில்லாத அறை, அந்த ஆயத்தத்தில் எங்கே பொருந்தும் என்று ஒவ்வொரு கிளப்பும் யோசித்தாக வேண்டும்.

இனி ஆட்களைப் பற்றி. எங்கள் மூவரில் மூத்தவர் ஐம்பதைக் கடந்த பெண்மணி. வருகிற எல்லோரையும், அந்த ஊர் வழக்கப்படி, 'லவ்' என்றுதான் கூப்பிடுவார். அந்தக் கட்டடத்தில் குடிக்காமல், பாட்டுச் சத்தம் குறைவான இடத்தில், இரவு முழுக்க ஒரே இடத்தில் நிற்பவர் அவர் ஒருவரே. அதனால் அவரிடம் வந்து சேர்ந்தவை கோட்டு மட்டும் இல்லை. ஒருமுறை தள்ளாடும் பெண் ஒருத்தியின் சீட்டை ஓர் ஆள் நீட்டி, அவள் கோட்டையும் சேர்த்துக் கேட்டான். இவர் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "உன் பெயர் என்ன லவ்? இவர் பெயர் என்ன?" என்று அவளிடம் கேட்டார். அவளுக்கு அவன் பெயர் தெரியவில்லை. கோட்டு கைமாறவில்லை, மேசைக்கு அடியில் இருந்த பொத்தானை அழுத்தினார், காவலாளி வந்தார். பிரிட்டனில் 2016இல் லிங்கன்ஷயரில் தொடங்கிய ஒரு வழக்கம் உண்டு: ஆபத்தாக உணர்பவர் பார் அல்லது கிளப் ஊழியரிடம் போய் 'ஏஞ்சலா இருக்கிறாரா?' என்று கேட்டால் உதவிக்கு வருவார்கள். லாக்கர் திரையில் அந்தப் பெயரைத் தட்டச்சு செய்ய இடமில்லை.

சீட்டைத் தொலைத்தவர்கள் கடைசி வரை நிற்க வேண்டும். எல்லோரும் போன பிறகு, மிச்சமிருக்கும் கறுப்புக் கோட்டுகளின் முன்னால் நின்று, பையில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். "இடது பையில் பாதி போலோ மிட்டாய், வலது பையில் என் பாட்டியின் கையுறை, ஒன்று மட்டும்" என்றாள் ஒருத்தி. சொன்னபடியே இருந்தது. லாக்கர் காலத்தில் குறியீட்டைத் தொலைத்தவருக்கும் கடைசியில் இதே தேர்வைத்தான் வைத்தோம். பொதுச் சாவியால் திறந்து, உள்ளே என்ன என்று கேட்டு, கொடுத்தோம்.

பொதுச் சாவி என்றதும் ஞாபகம் வருகிறது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, 2 மணி 50 நிமிடத்துக்கு இணைய இணைப்பு போனது. 160 கதவுகளும் மூடியபடி. சாவியோ ஒன்றுதான். நானும் மேலாளரும் ஒவ்வொரு கதவாகத் திறந்து, "கறுப்புக் கோட்டு யாருடையது?" என்று கூவினோம். முப்பது கைகள் உயர்ந்தன. காலை 5 மணிக்குத்தான் வீட்டுக்குப் போனேன்.

ஆகவே, மூவரில் இருவருக்கு வேலை போயிற்று, ஒருவன் 'லாக்கர் உதவியாளன்' ஆனேன். கூலி அதே குறைந்தபட்சக் கூலி. அந்தப் பெண்மணி பக்கத்து நாடக அரங்கின் கிளாக் ரூமுக்குப் போய்விட்டார். லாக்கரால் டிப்ஸ் போயிற்று என்று சிலர் சொல்வார்கள். அது அதற்கு முன்பே, கார்டு எந்திரம் வந்த வாரமே, எங்கள் கண்ணாடி ஜாடியை விட்டுப் போய்விட்டது. என்னைக் கேட்டால் லாக்கரை வைக்கட்டும், வரிசை போகட்டும், ஆனால் அந்த அறையில் ஓர் ஆளுக்கு நாற்காலியும் மேசைக்கு அடியில் அந்தப் பொத்தானும் இருக்கட்டும். உரிமையாளர்கள் அந்த ஒரு கூலியையும் மிச்சம் பிடிக்கத்தான் லாக்கரே வாங்குகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நீங்கள் அங்கே போக நேர்ந்தால் நடுவரிசைப் பெட்டியாக எடுங்கள். கதவின் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறியீடு நினைவிருக்கும், எந்தக் கதவு என்பது மறந்துவிடும். முக்கியமாக, கைபேசியை உள்ளே வைத்துப் பூட்டிவிடாதீர்கள், திறக்கும் குறியீடு அதில்தான் வரும். அப்படி மாட்டிக்கொண்டவர்களை அந்தக் குளிர்காலத்தில் எண்ணிக்கொண்டு வந்தேன். 11 பேரோடு எண்ணுவதை விட்டுவிட்டேன்.