"வீட்டில ஒருத்தருக்கும் சொல்லேல்லை": காசுப் பழக்கம் பற்றிய கேள்வி பதில்

வலிகாமத்தில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கியில் 29 வருடம் கவுண்டரில் இருந்து, இப்ப ஓய்வில் இருக்கிறேன். போன ஞாயிறு எங்கள் சனசமூக நிலையத்தில் காசுப் பழக்கம் பற்றிக் கதைக்கக் கூப்பிட்டார்கள். நேரம் போதாமல் பலர் துண்டில் எழுதித் தந்துவிட்டுப் போனார்கள். பெயர்களை விட்டுவிட்டுப் பதில் எழுதுகிறேன். அரைவாசித் துண்டுகளுக்கு மேல் ஒரே வரி இருந்தது: "இதை வீட்டில ஒருத்தருக்கும் சொல்லேல்லை." கடனைவிட அந்த வரிதான் எனக்குக் கவலை தந்தது.

"அன்ரி, நான் ஆசிரியை. சம்பளம் வந்து 12 நாளில முடிஞ்சுபோகுது. வீண்செலவு செய்யிறதாத் தெரியேல்லை. எங்க போகுதெண்டும் பிடிபடேல்லை." (கொக்குவில்)

பிள்ளை, முதலில் ஒரு கொப்பி வாங்குங்கோ. சிக்கனம் பிறகு. ஒரு மாதத்துக்கு எந்தச் செலவையும் குறைக்க வேண்டாம், எழுத மட்டும் செய்யுங்கோ. கைப்பைக்குள் வைத்தால் இரண்டாம் நாளே மறந்துபோகும். குசினியில் தேயிலைப் பேணிக்குப் பக்கத்தில் பேனையோடு கட்டித் தொங்கவிடுங்கோ. ஒரு தாய் எனக்குக் காட்டிய கொப்பியில் "ரீலோட் 100, ரீலோட் 100, ரீலோட் 50" என்று ஒரு மாதத்தில் 31 தடவை இருந்தது. கூட்டினால் 2,850 ரூபா. "நூறு ரூபாயை நான் காசெண்டே நினைக்கேல்லை" என்றா. யாரும் அவவை ஏசவில்லை, கொப்பியே சொல்லிவிட்டது.

இரண்டாவது மாதம் சேமிப்பைத் தொடங்குங்கோ. என்ர அம்மம்மா அரிசியை அளந்த கையோடு, கழுவ முன்னம், ஒரு பிடி எடுத்து மூலையில் இருந்த முட்டிக்குள் போடுவா. சோறு மிஞ்சினால் பார்ப்போம் என்று அவ ஒருநாளும் இருந்ததில்லை. ஊரில் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பிடியரிசி சேர்த்ததும் இந்தக் கைப்பழக்கத்தால்தான். நீங்களும் சம்பளம் விழுகிற அன்றே 2,000 ரூபா வேறொரு கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கோ. அந்தக் கணக்குக்கு அட்டை எடுக்காதேங்கோ.

"நகை 4 வருசமா அடைவில கிடக்கு. வட்டியைக் கட்டித் திருப்பித் திருப்பி வைக்கிறம். ஒண்டையாவது விப்பமெண்டால் அம்மா விடமாட்டா." (சுன்னாகம்)

அம்மாவைக் குறை சொல்லாதேங்கோ, தம்பி. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போர் நெருங்கி வர, வலிகாமமே மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. வீட்டையும் காணியையும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. கழுத்திலும் கையிலும் கிடந்ததுதான் கூட வந்தது. அந்த இரவை நடந்து கடந்தவர்களுக்குப் பவுண் என்றால் நாளைக்கும் உயிரோடு இருப்போம் என்ற உறுதி. ஊர் திரும்பிய பிறகு ஒரு அம்மா சொப்பிங் பையில் சுற்றிய வங்கிப் புத்தகத்தோடு ஒரு சோடிக் காப்பையும் கவுண்டரில் வைத்தா. உட்பக்கம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. நிறுக்க நான் கையை நீட்டினேன், அவவின் விரல் காப்பை விடவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கோ. உதாரணத்துக்கு 3 லட்சத்துக்கு வருடம் 18 வீத வட்டி என்றால் மாதம் 4,500 ரூபா, வருடத்துக்கு 54,000, நாலு வருடத்தில் 216,000. இவ்வளவும் கட்டியும் நகை ஒருநாள்கூட அம்மாவின் கழுத்தில் கிடக்கவில்லை. இந்தக் கணக்கை உங்கள் அடைவுத் துண்டில் இருக்கிற தொகையோடும் வட்டியோடும் கொப்பியில் போட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கோ. ஒன்றை விற்று மற்றதுகளை மீட்கலாம் என்று சொல்லுங்கோ. எதை விற்பது என்பதை அவவே தெரிவு செய்யட்டும். தாலிக்கொடியையும் அவவின் அம்மா கொடுத்ததையும் தொடாதேங்கோ. கஸ்தூரியார் வீதிக்கு அவவையும் கூட்டிக்கொண்டு போய், குறைந்தது இரண்டு கடையில் விலை கேளுங்கோ. கல்லுக்கும் செம்புக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கோ.

"அவர் எனக்குத் தெரியாமல் மோட்டார் சைக்கிள் லீசிங்கும் வேற இரண்டு கடனும் எடுத்திருக்கிறார். வீட்டுக்கு ஆள் வந்து கேட்டபிறகுதான் தெரியும். இப்ப ரெண்டு பேரும் முகம் பாக்கிறேல்லை." (திருநெல்வேலி)

தங்கச்சி, "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று தொடங்காதேங்கோ. அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்திருந்தால் முதலே சொல்லியிருப்பார். பிள்ளைகள் நித்திரையான பிறகு, "எல்லாத்தையும் ஒரு தாளில எழுதுவம், இண்டைக்கு எழுதிறது மட்டும்தான்" என்று இருங்கோ. யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எத்தனை தவணை மிச்சம். அவருக்கே மறந்துபோனது இருக்கலாம். யார் எங்கே எவ்வளவு கடன் எடுத்திருக்கிறார்கள் என்ற பதிவை வைத்திருக்கிற கடன் தகவல் பணியகத்தில் அவரவர் தன்னுடைய அறிக்கையைக் கேட்டு வாங்கலாம்.

வட்டி எழுதும்போது கவனம். "மாதம் 2 வீதம்தானே" என்று சொல்லித் தருகிற கடனைப் பாருங்கோ: ஒரு லட்சத்துக்கு 12 மாதத்தில் 24,000 வட்டி, மாதம் 10,333 ரூபா கட்டவேண்டும். ஆறாம் மாதம் முதல் தொகையில் பாதியளவைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள், ஆனால் வட்டி முழு லட்சத்துக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது வருடத்துக்கு 40 வீதத்தைத் தாண்டுகிறது. எனவே கையில் மேலதிகமாக வருகிற ஒவ்வொரு ரூபாவும் வட்டி கூடின கடனுக்கு முதலில் போகட்டும். தவணை தவற முன்னமே இருவருமாகப் போய், தவணையை நீட்டித் தரச் சொல்லிக் கேளுங்கோ. தவறிய பிறகு போனால் உங்களுடைய சொல் எடுபடாது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கிழமைக் கடன் எடுக்கவே வேண்டாம்.

கலியாணத்துக்குப் பிறகு சேர்த்ததை, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை "தேடிய தேட்டம்" என்கிறது. தேட்டத்தில் இருவருக்கும் பங்கு என்று ஏற்றுக்கொண்ட ஊரில், கடனை மட்டும் ஒருவர் தனியாகச் சுமந்து ஒளிக்கிறார். அது வெட்கத்தால் வருவது. அவர் "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லது" என்ற மாதிரி ஏதும் சொன்னால் தனியே விடாதேங்கோ. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கோ. கடனுக்குத் தவணை வாங்கலாம், ஆளைத் திருப்பி வாங்க ஏலாது.

"மாதம் 10 வீதம் லாபம், இன்னும் ரெண்டு பேரைச் சேத்துவிட்டால் கூட வரும் எண்டு நண்பன் கூப்பிடுறான். சேரலாமோ?" (நெல்லியடி)

வேண்டாம். ஆள் சேர்க்கிறதிலிருந்து லாபம் வருகிறதென்றால் அது பிரமிட் திட்டம். இலங்கையின் வங்கித்தொழில் சட்டம் அதைத் தடைசெய்திருக்கிறது. சேர்த்துவிட்ட நீங்களும் குற்றவாளி ஆவீர்கள். நண்பனையும் வெளியே இழுக்கப் பாருங்கோ.

"நான் கனடாவில, சொந்த இடம் அளவெட்டி. ஊரில இருந்து போன் வந்தாலே நெஞ்சு பதறுது. எல்லாம் காசுக் கதைதான். இல்லையெண்டு சொல்லவும் ஏலாது." (அம்மாவைப் பார்க்க வந்திருந்தவர்)

மாதம் இவ்வளவு, இந்தத் திகதிக்கு என்று ஒன்றை நீங்களே முடிவுசெய்து, வங்கி வழியாக அனுப்புங்கோ. அதற்கு மேல் கேட்டால், "அடுத்த மாதக் காசிலதான் எடுக்கவேணும்" என்று பதில் சொல்லலாம். இதில் அன்பு குறைவதில்லை. இங்கே இருப்பவர்களுக்கும் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் திட்டம் போட முடியும். அதோடு, காசே பேசாமல் கிழமைக்கு ஒரு தடவை நீங்களாக அழைப்பெடுங்கோ. கிணற்றைப் பற்றியும் மாமரத்தைப் பற்றியும் கேளுங்கோ. உங்கள் வீட்டு வாடகை எவ்வளவு என்று ஒருக்கா அம்மாவுக்குச் சொல்லுங்கோ. அநேகமாக அவவுக்கு அது தெரிந்தே இராது.

"மகளுக்குச் சாமத்திய வீடு. கடன் எடுத்தாவது மண்டபத்தில செய்யவேணுமெண்டு மாமி நிக்கிறா." (சாவகச்சேரி)

அக்கா, இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பிள்ளையின் பூப்புச் சடங்குக்குக் கடன் எடுக்காதேங்கோ. மாமி கேட்பது மண்டபத்தை அல்ல, "என்ர பேத்திக்குக் குறைவிட்டுப்போட்டாங்கள்" என்று சனம் சொல்லக்கூடாது என்பதைத்தான். மாமியிடம் ஒரு பொறுப்பைக் கொடுங்கோ. நீர் வார்க்கிறதற்கு யாரைக் கூப்பிடுவது, என்ன பலகாரம் சுடுவது எல்லாம் அவவின் சொல்படி வீட்டு முற்றத்தில் நடக்கட்டும். பந்தல் கையில் இருக்கிற காசுக்குள். மகளையும் ஒரு வார்த்தை கேளுங்கோ, அவளின் சடங்குதானே.

"2022இல அப்பாவின்ர சேமிப்பு எங்கட கண்ணுக்கு முன்னாலயே கரைஞ்சுது. பிறகேன் சேமிக்கவேணும்?" (பல்கலைக்கழக மாணவர்)

தம்பி, உங்களுடைய கோபம் நியாயமானது. அந்த வருட மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. செப்ரெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது. எந்தச் சேமிப்பும் அதைத் தாங்கியிராது. ஆனால் மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் அந்தக் கரைந்த காசாவது இருந்த வீடும் இருந்தது, ஒன்றும் இல்லாத வீடும் இருந்தது. இரண்டையும் கவுண்டரில் பார்த்தேன்.

மூன்று மாதச் செலவை எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கோ. அது வளராவிட்டாலும் பரவாயில்லை. மேலே சேர்வதை ஒரே இடத்தில் குவிக்காதேங்கோ. மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கியோ நிதி நிறுவனமோ விழுந்தால், வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் வரைதான். நான் வேலை செய்தது போன்ற கூட்டுறவுக் கிராமிய வங்கிகள் அந்த ஏற்பாட்டுக்குள் வருவதில்லை என்பதையும் நானே சொல்லவேண்டும்.

"கடல் தொழில். 9 வயசு மகள் 'நாங்கள் ஏழையா அப்பா?' எண்டு கேட்டாள். பேசாமல் எழும்பிப் போட்டன்." (குருநகர்)

திரும்பிப் போய்ப் பக்கத்தில் இருங்கோ. "மீன்பாடு இருக்கிற நாள் காசு வரும், இல்லாத நாள் வராது. ரெண்டுக்கும் சேத்துத்தான் அப்பா வைக்கிறன்" என்று உள்ளதைச் சொல்லுங்கோ. காசு இல்லாமையைவிட ஒளிப்புக்குத்தான் குழந்தைகள் பயப்படுவார்கள்.

போன வருடத்தில் ஆகக் குறைவாக உழைத்த மாதத்தை நினைத்துப் பாருங்கோ. வீட்டை அந்தத் தொகைக்குள் நடத்தி, நல்ல மீன்பாடு உள்ள நாளில் மேலே வருவதைப் பால்மாப் பேணியில் போடுங்கோ. எவ்வளவு போட்டது என்று கொப்பியில் எழுதுகிற வேலை மகளுடையது. கொஞ்சம் சேர்ந்ததும் அவளின் பிறப்புச் சான்றிதழையும் உங்கள் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய் அவளின் பெயரில் கணக்குத் திறவுங்கோ. புத்தகத்தை அவளின் கையிலேயே கொடுக்கச் சொல்லி கவுண்டரில் இருப்பவரிடம் கேளுங்கோ. நான் இருந்தபோது அப்படித்தான் கொடுத்தேன்.