‘எச்’ எழுத்துச் சொற்கள்: ஹைப்பரும் ஹைப்போவும் குழம்பாமல் இருக்க

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவள். இப்போது பதினொன்றில் ஆங்கிலவழியில் உயிரியல் பிரிவு எடுத்திருக்கிறாள். நீட் எழுதவும் ஆசைப்படுகிறாள். கலைச்சொற்களை அகராதி வரிசையில் ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வந்தவள், ‘எச்’ எழுத்தில் வந்து நின்றுவிட்டாள். ஹைப்பர், ஹைப்போ, ஹெமி, ஹீமோ, ஹோமோ எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோகின்றன என்று அழுகிறாள். இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?
– வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: வழி இருக்கிறது. முதல் வேலையாக அந்த நோட்டை மூடி வைக்கச் சொல்லுங்கள். அகராதி வரிசை ஒரு சொல்லைத் தேடி எடுக்க உதவும். படிப்பதற்கு அது கெடுதல். ஒரே மாதிரி எழுதப்பட்டு ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் யாருக்கும் குழப்பம்தான் வரும். உங்கள் மகளின் நினைவாற்றலில் குறையில்லை, வரிசையில்தான் குறை.

‘எச்’சில் தொடங்கும் சொற்கள் பெரும்பாலும் மூன்று வீடுகளிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தவை. அறிவியல் சொற்களில் மிகப் பல கிரேக்க வீட்டுப் பிள்ளைகள். ஹார்ட், ஹேண்ட், ஹெட், ஹார்ன் போன்ற அன்றாடச் சொற்கள் ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளைகள். ஹோஸ்ட், ஹாஸ்பிட்டல், ஹியூமன் போன்றவை லத்தீன் வழி வந்தவை. எந்த வீடு என்று தெரிந்தால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

கிரேக்க வீட்டைத் திறக்க ஒரு சாவி உண்டு. கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுவான மூதாய்மொழியில் ‘ஸ’ ஒலியில் தொடங்கிய சொற்கள், லத்தீனிலும் சமஸ்கிருதத்திலும் பெரும்பாலும் அப்படியே தங்கின. கிரேக்கத்தில் மட்டும் உயிரெழுத்துக்கு முன்னால் வந்த அந்த ‘ஸ’ தேய்ந்து, வெறும் மூச்சொலியாக ‘ஹ’ ஆனது. ஆகவே ‘ஹ’வை எடுத்துவிட்டு ‘ஸ’வைப் போட்டுப் பார்த்தால் தெரிந்த முகம் ஒன்று எட்டிப்பார்க்கும். ஹெக்ஸா என்றால் சிக்ஸ், நம் சஷ்டியில் இருக்கும் அதே ஆறு. ஹெப்டா என்றால் செவன், சப்தஸ்வரத்தின் சப்த. ஹெமி என்றால் செமி, அதாவது பாதி. ஹோமோ என்றால் சேம், நம் வழக்கில் ‘சம’. ஹீலியோ என்றால் சோலார், சூரியன். ஹாலோ என்றால் சால்ட், உப்பு.

இனி பாடப்புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஹெக்ஸேனில் ஆறு கார்பன், ஹெப்டேனில் ஏழு கார்பன். ஹெமிஸ்பியர் என்பது அரைக்கோளம்; ஹெமிப்ளீஜியா என்பது உடம்பின் ஒரு பாதி செயலிழக்கும் பக்கவாதம். ஹோமோஜீனியஸ் கலவையைத்தான் அவள் தமிழில் ‘ஒருபடித்தான கலவை’ என்று ஏற்கெனவே படித்திருக்கிறாள். ஹாலஜனுக்கு நம் புத்தகங்களில் உப்பீனி என்றே பெயர். ஹாலோபைட் என்பது உப்பு மண்ணிலும் உப்பு நீரிலும் வாழும் செடி. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் இருக்கும் அலையாத்திக் காடுகளை அவளுக்குக் காட்டினால் அந்தச் சொல் மறக்கவே மறக்காது.

ஹீலியத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. 1868 ஆகஸ்ட் 18 அன்று இந்தியாவில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் அதைப் பார்க்க அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூருக்கே வந்து முகாமிட்டிருந்தார். சூரிய விளிம்பின் ஒளியை அந்த ஆண்டு நிறமாலைமானியில் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியத்தின் கோடுகளோடு அது பொருந்தவில்லை. இங்கிலாந்தின் லாக்கியர் அதை ஒரு புதிய தனிமம் என்று கருதினார். சூரியனைக் குறிக்கும் ஹீலியோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து ஹீலியம் என்ற பெயர் வந்தது. பூமியில் அதை வில்லியம் ராம்சே கண்டுபிடித்தது 1895-ல்தான். நியான், ஆர்கான், கிரிப்டான் என்று மற்ற மந்த வாயுக்கள் ‘ஆன்’ என முடியும்போது இது மட்டும் சோடியம், கால்சியம் போல ‘இயம்’ என முடிவதற்குக் காரணம், தொடக்கத்தில் அதை உலோகம் என்று நினைத்ததுதான்.

இனி ஹைப்பரும் ஹைப்போவும். இந்தச் சோடியை மட்டும் உயிர்காக்கும் பாடமாக நினைத்துப் படிக்க வேண்டும். ஹைப்பர் என்றால் மேல், மிகுதி, லத்தீனில் சூப்பர். ஹைப்போ என்றால் கீழ், குறைவு, லத்தீனில் சப். இவற்றின் ‘ஹ’ வந்த வரலாறு மேலே சொன்ன கதையிலிருந்து சற்று வேறுபட்டது என்றாலும் சோடி சரியாகவே பொருந்துகிறது. இவற்றுக்கு சமஸ்கிருதத்தில் இருக்கும் உறவுகள் உபரி, உப என்ற இரண்டும். இரண்டையும் நாம் தினமும் புழங்குகிறோம். உபரி வருமானம், உபரி நீர் என்றால் தேவைக்கு மேல் மிஞ்சியது. உபநதி, உபதொழில் என்றால் ஒன்றுக்கு அடுத்த படியில் இருப்பது. ஹைப்பர் என்றால் உபரி, ஹைப்போ என்றால் உப. மேலோட்டமான ஒலி ஒற்றுமையை வைத்துக் கட்டிய குறுக்குவழியல்ல இது, உண்மையான ரத்த உறவு. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பிடிமானம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஹைப்பர்டென்ஷன் என்றால் ரத்த அழுத்தம் அதிகம். ஹைப்போடென்ஷன் என்றால் குறைவு. ஹைப்போதைராய்டு என்றால் தைராய்டு சுரப்பு போதவில்லை. ஹைப்போகிளைசீமியா என்றால் ரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டது. பொதுவாக டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அப்படிச் சொல்கிறார்கள். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடக்கும், பசிக்கும். நினைவோடு இருப்பவருக்கு உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுக்க வேண்டும். ஹைப்பர்கிளைசீமியாவில் சர்க்கரை ஏற்கெனவே ஏறிக் கிடக்கிறது. தாகம் எடுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். ஓர் அசை மாறினால் செய்ய வேண்டியது தலைகீழாகிவிடும். ஆகவே மகளுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் சொல்கிறேன்: மருத்துவமனையிலோ பரிசோதனைக் கூடத்திலோ இந்தச் சொற்களில் ஒன்று காதில் விழுந்தால், “அதிகமா, குறைவா?” என்று தமிழில் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். டாக்டர்களும் நர்சுகளும்கூட ஒருவருக்கொருவர் இதை உறுதிசெய்துகொள்ள வேண்டியவர்கள்தான்.

ஹைப்போவுக்குக் ‘குறைவு’ என்பதோடு ‘அடியில்’ என்ற இடப்பொருளும் உண்டு. ஹைப்போடெர்மிக் ஊசி தோலுக்கு அடியில் போவது. ஹைப்போதலாமஸ் மூளையில் தலாமஸுக்குக் கீழே இருப்பது. செங்கோண முக்கோணத்தின் கர்ணத்துக்கு ஹைப்பாட்டனூஸ் என்று பெயர் வந்தது, செங்கோணத்துக்கு அடியில் நீட்டி இழுத்த கோடு என்பதால். ஹைப்பாத்திசிஸ் என்ற கருதுகோளும் அடியில் வைத்த ஒன்றுதான். அதன்மேல்தான் ஆராய்ச்சியைக் கட்டுகிறார்கள். 2020-ல் நம் தெருக்களில் அடித்த சோடியம் ஹைப்போகுளோரைட்டில் இருப்பது ‘குறைவு’ப் பொருள்: குளோரைட், குளோரேட் இவற்றைவிட ஆக்சிஜன் குறைந்தது.

சாவி திறக்காத சொற்கள் மூன்று, மூன்றும் அடிக்கடி வருபவை. ஹைட்ரோ என்றால் நீர், ஹீமோ என்றால் ரத்தம், ஹெபட்டோ என்றால் கல்லீரல். இவற்றை நேரடியாகப் படித்துவிட வேண்டியதுதான். ஹைட்ரஜன் என்ற பெயருக்கு ‘நீரை உண்டாக்குவது’ என்று பொருள். ஹைட்ராலிசிஸ் நீராற்பகுப்பு. ஹெபடைட்டிஸ் கல்லீரல் அழற்சி. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினை முதலில் நாயின் கல்லீரலிலிருந்து பிரித்தார்கள், அதனால் அந்தப் பெயர். ஹைட்ரோவுக்குப் பக்கத்திலேயே ஹைக்ரோ என்று ஒன்று உண்டு, அது ஈரம். ஹைட்ரோமீட்டர் திரவத்தின் அடர்த்தியைப் பார்க்கும் கருவி. பேட்டரி ஆசிட்டைச் சோதிக்க மெக்கானிக் வைத்திருப்பது அதுதான், பால் சொசைட்டியின் லாக்டோமீட்டரும் அதன் ஒரு வகை. ஹைக்ரோமீட்டர் காற்றின் ஈரப்பதத்தை அளப்பது.

ஹெமியும் ஹீமோவும் கலப்பதற்கு எழுத்துக்கூட்டல் ஒரு பெரிய காரணம். நம் பாடப்புத்தகங்களில் பிரிட்டிஷ் முறைப்படி ‘எச், ஏ, ஈ’ என்று ஹீமோகுளோபினை எழுதுகிறார்கள். இணையத்தில் அவள் பார்க்கும் அமெரிக்கப் பாடங்களில் நடுவிலுள்ள ‘ஏ’ போய்விடும். ஹீமோ உடனே ஹெமிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். கடைசி எழுத்தைப் பார்க்கப் பழக்குங்கள்: ‘ஐ’யில் முடிந்தால் பாதி, ‘ஓ’வில் முடிந்தால் ரத்தம். இன்னொன்று, இந்த ரத்தச் சொல் ஒரு நீண்ட சொல்லின் கடைசியில் வரும்போது தன் ‘ஹ’வை இழந்து ‘ஈமியா’ ஆகிவிடும். அனீமியா, லுகீமியா எல்லாவற்றிலும் இருப்பது அதே ரத்தம். இப்போது ஹைப்போகிளைசீமியாவைப் பிரித்துப் பாருங்கள்: குறைவு, சர்க்கரை, ரத்தம். ஹைப்பர்நேட்ரீமியா என்று அவள் இதுவரை பார்க்காத ஒன்று வந்தாலும் அசரமாட்டாள். அதிகம், நேட்ரியம் என்ற சோடியம், ரத்தம்.

ஹோமோவில் ஒரு பொறி இருக்கிறது. ஹோமோசைகஸ், ஹோமோலோகஸ் இவற்றில் வருவது கிரேக்க ‘சம’. மனிதனின் கையும் திமிங்கிலத்தின் துடுப்பும் வௌவாலின் சிறகும் ஒரே அடிப்படை அமைப்பில் உருவானவை என்பதால் ஹோமோலோகஸ். ஹோமோ சேப்பியன்ஸில் வருவது லத்தீன் ஹோமோ, மனிதன் என்று பொருள். எழுத்து ஒன்று, உறவு கிடையாது.

சொந்த ஆங்கிலச் சொற்களுக்கு வேறொரு சாவி. லத்தீனிலும் கிரேக்கத்திலும் ‘க’ ஒலி இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஹ’ வரும். யாக்கோப் கிரிம் என்ற ஜெர்மானிய அறிஞர் 1822-ல் இந்த ஒலிமாற்றங்களை விதியாக வகுத்துக் காட்டினார். ஹார்ட் என்ற இதயம் மருத்துவத்தில் கார்டியாக் ஆகிறது. ஹார்ன் என்ற கொம்பின் லத்தீன் உறவிலிருந்து கண்ணின் கார்னியா வருகிறது. ஹவுண்ட் என்ற வேட்டைநாயின் உறவில் கேனைன், அதாவது கோரைப்பல். ஹண்ட்ரட் லத்தீனில் சென்ட்டம், அன்று அதைக் ‘கென்ட்டம்’ என்றே உச்சரித்தார்கள். வீட்டுச் சொல்லும் பாடச் சொல்லும் இப்படி ஒரே வேரில் சேரும்போது இரண்டும் மனதில் நிற்கும்.

கடைசியாக, தெருவில் ஒரு பொருளும் வகுப்பில் ஒரு பொருளும் கொண்ட சொற்கள். ஹோஸ்ட் என்றால் வீட்டில் விருந்தோம்புபவர். உயிரியலில் ஒட்டுண்ணி தங்கும் உயிர். தமிழில் அதை ஓம்புயிர் என்று அழகாகவே வைத்திருக்கிறார்கள். இதில் தேர்வில் அடிக்கடி சறுக்கும் இடம் மலேரியா. அதை உண்டாக்கும் ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியத்தின் பாலினப்பெருக்கம் முழுமையடைவது பெண் அனோஃபிலிஸ் கொசுவின் உடலில். அதனால் முதன்மை ஓம்புயிர் கொசு, மனிதன் இடைநிலை ஓம்புயிர். ஹீட் என்பது பேச்சில் சூடு. இயற்பியலில் வெப்பநிலை வேறுபாட்டால் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும் ஆற்றல், அலகு ஜூல். ஹார்ட் வாட்டர் என்றால் கால்சியம், மெக்னீசிய உப்புகள் கரைந்து, சோப்பு நுரைக்காத தண்ணீர்.

புதிய நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு வேர் மட்டும் எழுதச் சொல்லுங்கள். அந்த வேர் வரும் சொற்களைப் பாடத்தில் பார்க்கப் பார்க்க அங்கே சேர்க்கட்டும். எதிர்ச்சொல் உள்ள வேர்களை ஒரே நாளில் படிக்க வேண்டாம். ஹைப்பர் நன்றாகப் பதிந்த பிறகு, சில நாள் கழித்து ஹைப்போவைத் தொடட்டும். ஹோமோவுக்கும், ‘வேறு’ என்று பொருள்படும் அதன் எதிர்ச்சொல் ஹெட்டரோவுக்கும் அப்படியே. பத்தாம் வகுப்புவரை படித்த தமிழ்க் கலைச்சொற்களை விட்டுவிட வேண்டாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தமிழ்ச் சொல்லையும் எழுதட்டும், அதில் விளக்கம் உள்ளேயே இருக்கிறது. நீட் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது தமிழ் வினாத்தாளைத் தேர்ந்தெடுத்தால் கேள்விகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகி வரும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி, எனவே இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்க இப்போதே பழகிக்கொள்ளட்டும்.