டீசல் வாகனம் வாங்கலாமோ? கேட்டவைக்கு ஒரு பம்ப்காரன்ர பதில்

இம்போர்ட் திரும்பத் திறந்த 2025 மாசிக்குப் பிறகு டீசல் எடுக்கிறதோ பெற்றோல் எடுக்கிறதோ எண்டு கேக்கிற ஆக்கள் கூடிட்டினம். எஞ்சினுக்கு டீசல் அனுப்புற பம்பும் அதை உள்ளுக்க தூவுற நொசிலும் கழட்டிப் பூட்டுறதுதான் என்ர தொழில், எல்லாரும் டீசல் எடுத்தால் எனக்குத்தான் வேலை கூடும், அதையும் மனசில வச்சுக்கொண்டு வாசியுங்கோ. வந்த கேள்வியளில ஒண்டு மாதிரி இருந்ததுகளைச் சேத்துப்போட்டன்.

கேள்வி (திருநெல்வேலி, ஆசிரியை): வீட்டில இருந்து கோப்பாய்ப் பள்ளிக்கூடம் போய் வாறது, பின்னேரம் பிள்ளையளை ரியூசனுக்கு ஏத்தி இறக்கிறது, வருசத்தில ரெண்டு மூண்டு தரம் கொழும்பு. பழைய ரொயோட்டா சிஇ 110 டீசல் கார் ஒண்டும் ஒரு விட்ஸ் பெற்றோல் காரும் கைக்கு வந்திருக்கு. டீசல் செலவு குறைவெண்டு இவர் நிக்கிறார். எதை எடுக்க?

பதில்: விட்ஸை எடுங்கோ ரீச்சர். அவர் சொல்லுறது ஒரு காலத்தில சரி. 2021 ஆனியில ஒக்ரேன் 92 பெற்றோல் லீற்றர் 157 ரூபா, டீசல் 111, அப்ப 46 ரூபா வித்தியாசம் இருந்தது, டீசல் வச்சிருந்தவன் ராசா. 2022 ஆனி கடைசியில பெற்றோல் 470 டீசல் 460, வெறும் 10 ரூபா. 2025 தையில பாத்தால் 309க்கு 286, 23 ரூபா. விலை மாசா மாசம் மாறும், ஆனா அதுவரைக்கும் அந்தப் பழைய இடைவெளி திரும்பி வரேல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கோ. பெற்றோல் கார் லீற்றருக்கு 12 கிலோமீற்றர், டீசல் 14 எண்டு வைப்பம். மாசம் 300 கிலோமீற்றர் ஓடினால் அந்தத் தை மாச விலைக்கு பெற்றோலுக்கு 7,700 சொச்சம், டீசலுக்கு 6,100 சொச்சம், மிச்சம் 1,600 ரூபா. இந்த 1,600ஐ வருசம் முழுக்கச் சேத்து வச்சாலும் ஒரு பம்ப் வேலைக்குக் காணாது, எனக்குத் தெரியும், பில் எழுதுறது நான்தானே. அதே மாசம் 1,000 கிலோமீற்றர் ஓடுறவருக்கு 5,000க்கு மேல மிஞ்சும், அவர் யோசிக்கலாம்.

இன்னொண்டு, டீசல் எஞ்சின் சூடாக நேரம் எடுக்கும். நீங்கள் திருநெல்வேலியில ஸ்ராட் பண்ணி கோப்பாய்க்குப் போய்ச் சேரேக்க எஞ்சின் அப்பதான் வேலைக்கு வரும், நீங்கள் நிப்பாட்டிப்போடுவியள். ஒவ்வொரு நாளும் அரைச் சூட்டில ஓடி ஓடி நொசிலில கரி பிடிச்சு, ஒயிலும் கெதியா கறுத்துப்போம். எஞ்சினில பிழையில்லை, ஓட்டம் அதுக்குத் தோதில்லை.

கேள்வி (சாவகச்சேரி, ஹயர் ஓடுறவர்): அண்ணை, நான் கட்டுநாயக்கா ஹயர்தான் கூட, கலியாணம், கதிர்காமம், மடு எண்டும் போவன். பழைய டொல்பின் வானை வச்சிருக்கவோ, வித்துப்போட்டு அதுக்குப் பிறகு வந்த கேடிஎச் வான் எடுக்கவோ?

பதில்: தம்பி, உமக்கு டீசல்தான், அதில கேள்வி இல்லை. ஆளும் பெட்டியுமா நிரப்பிக்கொண்டு ஏ9 றோட்டில ஒரே ஓட்டமா போறதுக்கு டீசல் மாதிரி ஒண்டும் இல்லை. எஞ்சின் மெதுவாச் சுத்தேக்கயே இழுவை இருக்கு, ஒரு லீற்றர் டீசலில பெற்றோலை விட சக்தியும் கூட இருக்கு, எஞ்சினுக்குள்ள காத்தை இறுக்கி அந்தச் சூட்டிலேயே எரிய வைக்கிறதால வீணாப் போறதும் குறைவு.

ஆனா டொல்பினும் கேடிஎச்சும் ரெண்டு சாதி. டொல்பினில இருக்கிற 3எல், 5எல் எஞ்சினுகள் பழைய முறை, பம்பும் நொசிலும் முழுக்க இரும்பு வேலை, கொம்பியூட்டர் பிரச்சினை இல்லை. கொடிகாமத்தில நிண்டால் கொடிகாமத்திலேயே ஒரு மெக்கானிக் பாஸ் வந்து பாத்து எடுத்து விடுவார். சத்தம் கூட, புகை கூட, ஏசி போட்டால் மூச்சு வாங்கும், ஆனா உம்மை றோட்டில விடாது. கேடிஎச்சில வாற 1கேடி எஞ்சின் 3,000 சிசிக்குக் கொஞ்சம் குறைவு, டீசலை ஒரே குழாயில இறுக்கி வச்சுக் குடுக்கிற கொமன் றெயில், காத்தைக் கூடத் தள்ளுற ரேர்போ, ஓட்டம் அந்த மாதிரி, வெளிநாட்டில இருந்து வாற சனமும் அதைத்தான் கேக்கும். வில்லங்கம் எங்கையெண்டால் அதில நொசில் வேலை செய்யிற இன்ஜெக்டர் ஆயிரம் பாருக்கு மேல அழுத்தத்தில வேலை செய்யிற சாமான். டீசலுக்க கொஞ்சத் தண்ணியோ தூசியோ வந்தால் அது தாங்காது, நாலையும் மாத்தேக்க வாற பில்லைப் பாத்து இருந்துபோட்டுத்தான் எழும்பவேண்டிவரும்.

1கேடியில இன்னொரு வருத்தம் இருக்கு. இன்ஜெக்டருக்கு அடியில ஒரு செப்பு வாசர் இருக்கு, அது இறுக்கம் விட்டால் எரிஞ்ச புகை ஒயிலுக்குள்ள இறங்கும், ஒயில் தார் மாதிரி ஆகி அடியில இருக்கிற சல்லடையை அடைக்கும், பிறகு ஒயில் பிறசர் இல்லாமல் எஞ்சினே போம். எடுக்கிறதெண்டால் எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற சம்பைக் கழட்டி அந்தச் சல்லடையைப் பாத்துப்போட்டு எடும், விக்கிறவர் கழட்ட விடமாட்டன் எண்டால் ஏன் விடேல்லை எண்டு யோசியும். எடுத்த பிறகு 5,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா ஒயில், அதில கஞ்சத்தனம் வேணாம்.

கையில கடன் இல்லையெண்டால் டொல்பினை ஒரு வருசம் வச்சிருந்து காசைச் சேத்துக்கொள்ளும் எண்டுதான் நான் சொல்லுவன். லீசிங் போட்டு கேடிஎச் எடுத்துப்போட்டு சீசன் இல்லாத மாசத்தில முழிக்கிற பெடியளை நான் கனக்கப் பாத்திட்டன்.

கேள்வி (சுன்னாகம்): விடியக்காலமை ஸ்ராட் பண்ண வெள்ளைப்புகை தள்ளுது, பத்து நிமிசத்தில நிண்டிடும். பயப்பிட வேணுமோ?

பதில்: நிக்குதெண்டால் பெரிசாப் பயப்பிட ஒண்டுமில்லை. எரியாத டீசல் அது. ஸ்ராட் பண்ணேக்க உள்ளுக்க சூடாக்கிற ஹீற்றர் பிளக் ஒண்டு ரெண்டு செத்திருக்கும், இல்லாட்டி நொசில் தூவாமல் ஒழுகுது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளையா வந்து, றேடியேற்றர் தண்ணியும் குறையுதெண்டால் அது எஞ்சின்ர மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில இருக்கிற காஸ்கெற் போனது, அண்டைக்கே நிப்பாட்டுங்கோ. கறுப்புப் புகையெண்டால் டீசல் கூட அல்லது காத்துக் குறைவு, முதல் எயார் பில்ரரைப் பாருங்கோ. நீலமெண்டால் ஒயில் எரியுது, அது காசு.

றேடியேற்றர் எண்டவுடன இதையும் சொல்லவேணும். எங்கட ஊரில எல்லாரும் கிணத்துத் தண்ணியை ஊத்துறியள். நிலத்துக்கு அடியில முழுக்கச் சுண்ணாம்புக்கல், கேத்திலுக்க வெள்ளையாப் படியிறதை வீட்டில பாத்திருப்பியள், அதுதான் றேடியேற்றருக்குள்ளயும் எஞ்சின் தண்ணிப் பாதையிலயும் படியுது. பெற்றோல் கார் கொஞ்சம் பொறுக்கும். பழைய ரொயோட்டா 2சி டீசல் எஞ்சின் பொறுக்காது, ஒருக்கா சூடேறினால் ஹெட் வெடிக்கிறதுக்குப் பேர் போனது. நான் பாத்த 2சி ஹெட் வேலையளில கூடவும் இந்தத் தண்ணிக் கேஸுதான். கூலன்ற் விடுங்கோ, கூலன்ற்றைக் கலக்கிறதுக்கும் டிஸ்ரில்ட் தண்ணி வாங்குங்கோ.

கேள்வி (கிளிநொச்சி, விவசாயி): டீசலுக்க மண்ணெண்ணை கலந்து அடிக்கிறவை இருக்கினம். யுத்த காலப் பொருளாதாரத் தடை நேரம் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மண்ணெண்ணையிலதானே ஓடினது, அப்ப ஏன் இப்ப கூடாது?

பதில்: ஐயா, அந்தக் கார் எல்லாம் பெற்றோல் எஞ்சின். ஒரு சொட்டுப் பெற்றோலைக் காபறேற்றருக்க விட்டு ஸ்ராட் பண்ணிச் சூடாக்கினால் பிறகு பிளக் பொறி மண்ணெண்ணையை எரிச்சுக்கொண்டு போகும். புகையும் மணமுமா எண்டாலும் ஓடினது, ஆசுபத்திரிக்கு ஆளைக் கொண்டுபோய்ச் சேத்தது, அதுக்கு நான் தலை வணங்குறன்.

டீசல் வேற கதை. கன டீசல் பம்புகளுக்குத் தனியா ஒயில் இல்லை, உள்ளுக்க ஓடுற டீசல்தான் அதுகளுக்கு எண்ணை. மண்ணெண்ணைக்கு அந்த வழுவழுப்புக் காணாது. கலந்து ஓட ஓட பம்பின்ர உள்பாகங்கள் உரஞ்சி, பிறகு சூட்டில ஸ்ராட் வராமல் நிக்கும். பழைய லொறிக்காரர் கலந்ததுக்குக் காரணம் விலை. 2022 ஆவணி வரைக்கும் மண்ணெண்ணை 87 ரூபா, டீசல் 400ஐத் தாண்டி நிண்டது, யாருக்கும் ஆசை வரும்தானே. ஆவணி 22ஆம் தேதியோட அதை 340 ஆக்கினாங்கள், அண்டையோட அந்த லாபமும் போச்சு. லான்ட் மாஸ்ரர் உழவு மெசினுக்கும் கலக்காதேங்கோ ஐயா.

கேள்வி (மானிப்பாய்): அவசரத்தில பெற்றோல் செட்டில பெடியன் எங்கட டீசல் வானுக்குப் பெற்றோல் அடிச்சுப்போட்டான். ஒரு 5 லீற்றர்தான், மிச்சத்துக்கு டீசல் நிரப்பி ஓடலாமோ?

பதில்: ஓடாதேங்கோ அக்கா. சாவியைக்கூடத் திருப்பாதேங்கோ. தள்ளி ஓரமா விட்டு, ராங்கைக் கழுவி, பில்ரரை மாத்திப்போட்டு எடுங்கோ. இப்ப செய்தால் ஒரு நாள் கூலி, ஓடிப்போட்டு வந்தால் பம்பும் இன்ஜெக்டரும்.

கேள்வி (ஊர்காவற்றுறை): உப்புக்காத்தில டீசல் வாகனம் கூடக் கறள் பிடிக்குமோ?

பதில்: கறளுக்கு டீசல் பெற்றோல் தெரியாது. அடியைக் கழுவி அண்டர்கோற் அடியுங்கோ. தீவுப் பக்கம் டீசல்காரருக்கு நான் சொல்லுறது வேற, 2022 தட்டுப்பாட்டில கானில டீசல் சேத்து வச்ச பழக்கம் இன்னும் கன வீட்டில இருக்கு. மாரி காலத்தில கானுக்குள்ள வேர்த்துத் தண்ணி இறங்கும், அதை ராங்குக்க ஊத்தினால் கதை முடிஞ்சுது. பில்ரருக்கு அடியில தண்ணி திறக்கிற ஒரு குமிழ் இருக்கு, மாரியில மாசம் ஒருக்கா திறந்து விடுங்கோ.

கேள்வி (பருத்தித்துறை): புகை ரெஸ்ற்றில பெயில், வாகன வரிப் பத்திரம் எடுக்கேலாமல் நிக்குது. பம்பை இறுக்கி விட்டால் பாஸ் ஆகும் எண்டு ஒராள் சொல்லுறார்.

பதில்: ஆகும். டீசலைக் குறைச்சால் புகையும் குறையும், இழுவையும் குறையும், பாஸ் பண்ணின கையோட திரும்பத் திறந்து விடுவினம், அடுத்த வருசமும் அதே கூத்து. டீசலுக்கு அவை பாக்கிறது புகையின்ர அடர்த்தியைத்தான், பெற்றோலுக்குப் பாக்கிற வாயு ரெஸ்ற் வேற. நொசிலை ரெஸ்ற் பண்ணி, எயார் பில்ரர் மாத்தி, வல்லையால ஒரு ஓட்டம் ஓடி எஞ்சினை வடிவாச் சூடாக்கிக்கொண்டு உடன போங்கோ. உதுக்கும் பெயில் எண்டால் எஞ்சின் தேஞ்சிட்டுது. 2012இல உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு டீசல் புகையைப் புற்றுநோய் தரும் எண்டு முதல் வகுப்பில போட்டிருக்கு, உங்களுக்குப் பின்னால சைக்கிளில வாற பிள்ளை அதைத்தான் குடிக்குது.

கேள்வி (கொக்குவில்): புதுசா வந்த ஜப்பான் டீசல் ஒண்டு எடுத்தன், டாஷில பில்ரர் மாதிரி ஒரு லைற் எரியுது. கராச்சில அந்தப் பில்ரரை வெட்டி எடுக்கலாம் எண்டினம்.

பதில்: அது டிபிஎஃப், சைலென்சர் லைனில கரியைப் பிடிச்சு வைக்கிற பில்ரர். பிடிச்ச கரியை அதுவே 600 பாகை அளவு சூட்டில எரிச்சுத் துப்பரவாக்கும், ஆனா அதுக்கு நிப்பாட்டாமல் ஒரு இருவது நிமிசம் ஒரே வேகத்தில ஓடவேணும். கொக்குவிலுக்கும் ரவுனுக்கும் நடுவில எங்க அப்பிடி ஓடுறது? கிழமைக்கு ஒருக்கா நாவற்குழியால சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி பூநகரிப் பக்கம் ஒரு ஓட்டம் விடுங்கோ, காத்தும் நல்லம். சுப்பர் டீசல் அடியுங்கோ, கந்தகம் குறைவு. வெட்ட வேணாம், லைற் சிவப்பா மாறினால் மட்டும் கராச்சுக்குப் போங்கோ.

இதையும் முதலே கேட்டிருந்தால் எடுக்கவேணாம் எண்டிருப்பன். இறக்கேக்க டீசலுக்கு சிசிக்கு வாற வரியும் பெற்றோலை விடக் கூட, அவ்வளவு குடுத்துப்போட்டு ரவுனுக்க ஓட ஏன் டீசல்?

கேள்வி (லண்டன்): இஞ்ச எல்லாரும் டீசலை விக்கினம், நீங்கள் அங்க வாங்குறியள். எனக்கு 2013 டீசல் ஒண்டு இருக்கு, என்ன செய்ய?

பதில்: உங்கட இடத்துச் சட்டம் வேற அண்ணா. புகை கூடின வாகனத்துக்குக் காசு அறவிடுற யூலெஸ் 2023 ஆவணி 29இல இருந்து லண்டன் முழுக்க வந்திட்டுது, டீசலெண்டால் யூரோ 6 எண்ட புகைத் தரம் இருக்கவேணும், பெற்றோலுக்கு யூரோ 4 காணும். 2013 கார் பெரும்பாலும் யூரோ 5தான், வெளிக்கிடுற நாளெல்லாம் 12.50 பவுண். நம்பரை அவையின்ர தளத்தில அடிச்சுப் பாத்துப்போட்டு முடிவெடுங்கோ.

கேள்வி (நல்லூர்): மாத்தின பழைய ஒயிலை என்ன செய்யிறது? வேலிக்கு, கறையானுக்கு எண்டு ஊத்துறனாங்கள்.

பதில்: ஊத்தாதேங்கோ. முதல் சொன்ன அதே சுண்ணாம்புக்கல்தான், மேல ஊத்தினது வெடிப்புகளால கீழ இறங்கி கிணத்துக்கு வரும். சுன்னாகத்துக் கிணறுகளில எண்ணை மிதந்து சனம் பட்ட பாடு மறந்துபோச்சோ? கானில விட்டு கராச்சில குடுங்கோ, வாங்க ஆக்கள் வருவினம்.

கேள்வி (வட்டுக்கோட்டை): எல்லாம் கேட்ட பிறகும் எனக்கு டீசல்தான் வேணும், மரக்கறி ஏத்தி தம்புள்ளைக்கு ஓடுறன். ஞாயிறு ஒரு வாகனம் பாக்கப் போறன், என்ன பாக்க?

பதில்: உங்களுக்கு டீசல் சரி. எஞ்சின் ஓடேக்க ஒயில் மூடியைத் திறந்து பாருங்கோ, புகை குபு குபு எண்டு வந்தால் உள்ளுக்க பிஸ்ரன் றிங் போச்சு. றேடியேற்றர் மூடிக்குள்ள கறள் தண்ணியோ எண்டு பாருங்கோ. எல்லாத்துக்கும் முதல், டீசல் எஞ்சின்ர குணம் தெரியிறது முதல் ஸ்ராட்டில, அதால விடியவே போங்கோ, சூடாக்கி வைக்கவேணாம் எண்டு முதல் நாளே சொல்லிவிடுங்கோ. போனடியா பொனற்றில கையை வையுங்கோ. சுட்டுதெண்டால் அவை தாற தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு வந்திடுங்கோ.